ஊர் மாறினா சுகர் மருந்தும் மாறணுமா? வெளிநாடு கிளம்பும் முன் ஒரு பாடம்

வேன் வாசலில் நிற்கிறது. திருமானூரிலிருந்து திருச்சி விமான நிலையம் போகணும். பெட்டியில் ஊறுகாய், முறுக்கு, பருப்புப் பொடி, ரெண்டு கைலி எல்லாம் ஏறியாச்சு. "மாத்திரை வெச்சுட்டியாப்பா?" என்று அம்மா கேட்கிறார். "வெச்சாச்சும்மா, மூணு அட்டை இருக்கு" என்று மகன் சொல்கிறார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

பத்து மாத்திரை அட்டை மூணு என்றால் 30 மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டால் 15 நாளைக்கு வரும். 16ஆம் நாள் என்ன செய்வது? புது நாடு, புது வேலை, கையில் முதல் சம்பளம் வரவில்லை, எந்த டாக்டரைப் பார்ப்பது என்றும் தெரியாது. "ரெண்டு மாசம் மாத்திரை இல்லாம ஓட்டிட்டேன், ஒண்ணும் ஆகல" என்று நினைப்பவர்களும் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் எல்லாம் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்களில் இந்த நோய் உள்ளவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் வெளிநாடு போகக்கூடாது என்பதில்லை. தயாரிப்பில்லாமல் போகக்கூடாது, அவ்வளவுதான். அந்தத் தயாரிப்பை இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாலு கால் கட்டில்

சர்க்கரைக் கட்டுப்பாட்டை ஒரு கயிற்றுக் கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நாலு கால். முதல் கால் சாப்பாடு. இரண்டாவது உடல் உழைப்பு. மூன்றாவது மருந்து. நான்காவது நேரம், அதாவது எப்போது சாப்பிடுகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள், எப்போது மருந்து எடுக்கிறீர்கள் என்பது. நாலும் சமமாக இருந்தால் கட்டில் ஆடாது. ஒரு கால் நீண்டாலோ குறைந்தாலோ மற்ற மூன்றையும் அதற்கேற்பச் சரி செய்யணும்.

உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தின் அளவு, நீங்கள் இப்போது வாழும் வாழ்க்கைக்கு ஏற்ற அளவு. வாழ்க்கை மாறினால் அதே அளவு கூடுதலாகவும் ஆகலாம், போதாமலும் போகலாம். இதுதான் இன்றைய பாடத்தின் அடிப்படை.

வெளிநாடு போனால்தான் இது பொருந்தும் என்று நினைக்காதீங்க. கொள்ளிடக் கரையில் நடவும் அறுப்பும் நடக்கிற மாதங்களில் காலையிலிருந்து வயலில் நிற்கிறவருக்கு, தண்ணீர் இல்லாத மாதங்களில் திண்ணைதான். அறுப்புக் காலத்தில் சர்க்கரை இறங்கும், வேலை இல்லாத காலத்தில் ஏறும். வயல் வேலையை விட்டு அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்டுக்குப் போகிறவர், சென்னையில் ஒரு அபார்ட்மெண்டுக்குக் காவலாளியாகப் போகிறவர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் எல்லோருக்கும் கட்டிலின் கால் மாறுகிறது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இடம் மாறினால்

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மருந்துகள் வீட்டுக்கே வருவது உங்களுக்குத் தெரியும். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஆனால் மருந்து உங்கள் வீட்டைத் தேடி வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கணுமே! திருப்பூரில் வேலை பார்க்கிறவரின் மருந்து திருமானூர் வீட்டு அலமாரியில் சேர்ந்துகொண்டிருந்தால் பயன் இல்லை.

ஊர் மாறும்போது மூன்று காரியம் செய்யுங்கள்.

- உங்கள் பகுதி மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய செவிலியரிடமோ இடம் மாறுவதைச் சொல்லுங்கள்.
- சிகிச்சை விவரம் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அதன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து வையுங்கள்.
- புது ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ நோட்டைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். மாத்திரை தீர்ந்த பிறகு போகாதீங்க, தீர்வதற்குப் பத்து நாள் முன்னாடியே போங்க.

நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாத்திரைச் சீட்டில் "காலை", "இரவு" என்று எழுதியிருப்பது பகலில் விழித்து இரவில் தூங்குகிறவர்களுக்கான கணக்கு. நீங்கள் காலை எட்டு மணிக்குப் படுத்துச் சாயங்காலம் எழுந்தால், காலை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தூங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் கூட இருப்பவருக்கும் தெரியாது. ஆகவே டாக்டரிடம் "எனக்கு நைட் ஷிப்ட், முதல் சாப்பாடு சாயங்காலம் அஞ்சு மணிக்கு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, எந்த மாத்திரை எந்தச் சாப்பாட்டோடு என்று எழுதி வாங்குங்கள்.

கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பு

விசா வந்ததும் டிக்கெட் தேடுகிறோம். அதே நாளில் ரத்தப் பரிசோதனையையும் தொடங்கிவிடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், கொழுப்பு, கண்ணில் விழித்திரை, பாத உணர்ச்சி ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். வட்டார அளவில் முடியாத பரிசோதனைகளை அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

பொதுவாகப் பெரியவர்களுக்கு ஹெச்பிஏ1சி 7க்குக் கீழ், வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குக் கீழ் என்பது குறியாக வைக்கப்படுகிறது. வயது, மற்ற நோய்களைப் பொறுத்து உங்கள் குறியை டாக்டர் மாற்றிச் சொல்லலாம். அளவு மிக அதிகமாக இருந்தால் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுச் சரி செய்துகொண்டு போவதே லாபம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வளைகுடா வேலைக்கான "மெடிக்கல்" வருகிறதென்று, ரெண்டு நாள் பட்டினி கிடந்து, மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டு போவது சிலரின் பழக்கம். பரிசோதனை மேசையிலேயே மயங்கி விழும் அளவுக்கு இது ஆபத்து. ஹெச்பிஏ1சி பார்த்தால் மூன்று மாதக் கதை வெளியே வந்துவிடும், ரெண்டு நாள் பட்டினி அதை மாற்றாது. தப்பித்துப் போனாலும், நோயை மறைத்துப் போகிறவர் அங்கே மாத்திரையையும் ஒளித்துத்தான் போடணும். ஒரு மயக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் காரணமே தெரியாது. மூன்று மாதம் முறையாக மருந்தெடுத்துக் கட்டுக்குள் கொண்டுவந்து போவதே பாதுகாப்பான வழி.

டாக்டரிடம் வாங்க வேண்டிய கடிதம்

உங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், நோயின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை வேளை, ஊசி போடுகிறவரானால் ஊசியும் சிரிஞ்சும் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்ற குறிப்பு, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை எல்லாம் அதில் இருக்கணும்.

மருந்தின் பெயர் என்றால் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர் அல்ல. அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப் பெயர். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே வாங்கிய பெயரைத் துபாய் மருந்துக் கடையில் சொன்னால் கைவிரிப்பார்கள். "மெட்ஃபார்மின் 500, மெதுவாகக் கரையும் வகை" என்றால் உலகத்தில் எங்கேயும் புரியும். ரெண்டு மருந்து கலந்த கூட்டு மாத்திரையானால் ரெண்டின் பெயரும் தனித்தனி மில்லிகிராமும் வேணும்.

எத்தனை மாதத்துக்கு எடுத்துப் போகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதம் வரையிலான மருந்தைச் சிங்கப்பூர் அனுமதிக்கிறது. மற்ற நாடுகளுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் இணையதளத்தைப் பாருங்கள். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீங்க. அட்டையோடும் பில்லோடும் போங்கள்.

கால் எரிச்சல் மாத்திரை: கவனம்

நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு வரும். அதற்கு எழுதப்படும் மருந்துகளில் ஒன்று பிரிகாபலின். நம் ஊரில் சீட்டைக் காட்டி வாங்கிவிடுகிறோம். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதி அரேபியாவிலும் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் பட்டியலில் உள்ளது. டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளுக்கும் இதே நிலைதான். முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைத்திருந்தால் மருந்து பறிமுதலாவது மட்டுமல்ல, போலீஸ் வழக்காகவும் ஆகலாம்.

"நான் சுகர் பேஷண்ட், கால் வலிக்குத்தானே எடுத்துட்டு வந்தேன்" என்ற பதில் அங்கே செல்லாது. ஆகவே கிளம்பும் முன் உங்கள் மாத்திரைப் பட்டியல் முழுவதையும் டாக்டரிடம் காட்டி, "இதில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இருக்குதா, மாற்று மருந்து தரலாமா?" என்று கேளுங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்நாட்டுச் சுகாதாரத் துறையில் இணையவழி முன் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். நண்பர் கொடுத்த மருந்துப் பொட்டலத்தை உள்ளே என்ன என்று பார்க்காமல் வாங்கிக்கொள்ளவே கூடாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு: 40க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம்

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதை யூ-40 என்பார்கள். அதற்கான சிரிஞ்சும் யூ-40தான், வழக்கமாகச் சிவப்பு மூடி. வெளிநாடுகள் பெரும்பாலானவற்றில் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் யூ-100, வழக்கமாக ஆரஞ்சு மூடி.

இங்கிருந்து கொண்டுபோன பழைய யூ-40 சிரிஞ்சில், அங்கே வாங்கிய யூ-100 இன்சுலினை 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு படுத்தவர் காலையில் எழுந்திருக்காமலே போகலாம். மாறாக, நம் ஊர் யூ-40 இன்சுலினை யூ-100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும்.

மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீங்க. குப்பியிலும் சிரிஞ்சிலும் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். ரெண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் ஊசி. முடிந்தால் கிளம்பும் முன்பே பேனா வகைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பாதுகாக்கும் முறை இது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கணும், பிரீசரில் வைக்கக்கூடாது. உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது. திறந்ததை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் சுமார் நாலு வாரம் வரை பயன்படுத்தலாம். சரியான கணக்கு அதன் அட்டையில் இருக்கும். வேலையாட்கள் தங்கும் அறையில் பிரிட்ஜ் இல்லாவிட்டால் நம் வீட்டுப் பாட்டி வழியே கைகொடுக்கும். மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் நனையாத டப்பாவுக்குள் குப்பியை வைத்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள்.

விமானத்தில்

எல்லா மருந்தும், இன்சுலினும், குளுக்கோமீட்டரும் கைப்பையில்தான் இருக்கணும். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் இன்சுலின் உறையலாம், பெட்டியே வராமலும் போகலாம். கடிதத்தைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். பல விமானங்களில் காசு கொடுத்தால்தான் சாப்பாடு. வீட்டிலிருந்து கிளம்பி அங்கே அறைக்குப் போய்ச் சேர அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். ரெண்டு சப்பாத்தி, கொஞ்சம் வறுத்த கடலை, அவசரத்துக்குச் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ கையில் வேணும். சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் இன்சுலின் போடணும்.

நேர வித்தியாசத்தைப் பாருங்கள். அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். இந்த அளவு வித்தியாசத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் அந்த ஊர் நேரத்துக்கு, அந்த ஊர்ச் சாப்பாட்டோடு மாறிக்கொண்டால் போதும். அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு வித்தியாசம் ஒன்பது மணிக்கும் மேல். இன்சுலின் போடுகிறவரானால் பயண நாளுக்கென்று தனி அட்டவணையை டாக்டரிடம் எழுதி வாங்காமல் ஏறாதீங்க. மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. விமானம் இறங்கியதும் போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். நீங்கள் வைத்த மாத்திரை அலாரமும் கூடவே மாறும். இறங்கின முதல் நாளில் கடைசியாக மருந்து எடுத்தது எப்போது என்பதை இந்திய நேரத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஒரே வேளையை ரெண்டு தடவை போட்டுவிடாமல் இருக்க அது உதவும்.

மீட்டரில் வேறு எண் வந்தால்

சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்ல மாட்டார்கள், மில்லிமோலில் சொல்வார்கள். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு.

- 3.9 என்றால் 70. இதற்குக் கீழ் போனால் தாழ்சர்க்கரை.
- 7 என்றால் 126.
- 10 என்றால் 180.
- 14 என்றால் சுமார் 250.

மீட்டரில் "14" பார்த்துவிட்டு, ஏதோ சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீங்க. "7.8" என்று பார்த்து அதை ஹெச்பிஏ1சி என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம், அது நம் கணக்கில் 140தான். எந்த அளவில் காட்டுகிறது என்பது மீட்டர் திரையிலேயே சின்ன எழுத்தில் இருக்கும்.

வெயிலும் உழைப்பும்

ஊரில் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர் அங்கே போய்க் கட்டட வேலையில் நிற்கிறார் என்றால், அதே மாத்திரை அதிகமாகிச் சர்க்கரை திடீரென இறங்கலாம். வயலில் உழைத்தவர் அங்கே போய் ஓட்டுநர் இருக்கையில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் சர்க்கரை ஏறும். முதல் ரெண்டு வாரம் தினமும் காலையிலும் வேலை முடிந்ததும் சோதித்து எழுதி வையுங்கள். அந்த எண்களைப் பார்த்துத்தான் டாக்டர் அளவை மாற்ற முடியும். நீங்களே மாற்றாதீங்க.

வளைகுடா வெயிலில் வியர்வை, தலைச்சுற்றல், படபடப்பு வந்தால் அது வெயிலாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று தெரியாது. நிழலுக்கு வந்து சோதியுங்கள். மீட்டர் இல்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு இனிப்புச் சாப்பிடுங்கள். அமீரகத்திலும் சவுதியிலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நடுப்பகலில் திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை உள்ளது. அந்த ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுக்காதீங்க. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும். வெயிலில் உடல் வறண்டுவிடும் என்பதால் இதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். காலணிக்குள் கல், மணல் இருக்குதா என்று உதறிப் போடுங்கள், ராத்திரி பாதத்தைப் பாருங்கள்.

தாழ்சர்க்கரை வந்தால்: மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிஷம் கழித்துச் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஏறியதும் சாப்பாடு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸ் அழைக்கணும். நம் ஊரில் 108. அமீரகத்தில் 998, சவுதியில் 997, சிங்கப்பூரில் 995, மலேசியாவிலும் கத்தாரிலும் 999, குவைத்தில் 112. அறையில் கூட இருக்கும் ஒருவரிடமாவது "எனக்கு சுகர் இருக்கு, மயங்கினா இப்படிச் செய்யுங்க" என்று சொல்லி வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சாப்பாடு

ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து வந்து, தட்டு நிறையச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுப் படுப்பதுதான் தங்கும் அறைகளில் நடக்கிறது. முறை வைத்துச் சமைக்கும்போது உங்கள் முறையில் ஒரு காய், ஒரு பருப்பு கூடுதலாக வையுங்கள். சோறு தட்டில் கால் பங்கு, காய்கறி அரைப் பங்கு, பருப்போ மீனோ கோழியோ முட்டையோ கால் பங்கு. பெரிய குபூஸ் ஒன்றை ஒரு சப்பாத்தி என்று கணக்குப் போடாதீங்க. இனிப்புச் சேர்க்காத லபான் நம் மோர் மாதிரிதான், தாராளமாகக் குடிக்கலாம். கட்டிப் பாலும் சர்க்கரையும் போட்ட கடக் சாயா நாளைக்கு நாலு என்றால், மாத்திரை போட்டும் பயன் இல்லை. சிங்கப்பூரில் "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வரும். அங்கே விற்கும் பானங்களில் சர்க்கரை அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரக் குறியீடு உண்டு. சி, டி இருந்தால் தள்ளி வையுங்கள்.

ரமலான் நோன்பு இருக்க விரும்புகிறவர்கள் ரெண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள். நோன்பின்போது 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. நோன்பு இல்லாதவர்களுக்கும் அந்த மாதத்தில் வேலை நேரமும் சாப்பாட்டு நேரமும் மாறும்.

காப்பீடும் உதவி எண்களும்

அமீரகம், சவுதி நாடுகளில் தனியார் முதலாளி ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும் என்பது சட்டம். வேலையில் சேர்ந்த உடனே காப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொருந்துமா, மாத மருந்துக்கு உண்டா, எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். சிங்கப்பூரில் முதலாளி எடுக்க வேண்டிய கட்டாயக் காப்பீடு மருத்துவமனையில் சேரும் செலவுக்கானது. மாத மாத்திரைச் செலவு யாருடையது என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. இதில் மருத்துவச் செலவுக்கும் ஒரு வரம்பு உண்டு. பழைய நோய்க்குப் பொருந்துமா என்பதைப் பாலிசியில் படித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையின் கட்டணமில்லா உதவி எண் 1800 309 3793. கிளம்பும் முன்பே போனில் பதிந்து வையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104.

கையில் இருக்கும் போனே நோட்டு

- ஆதார் எண்ணைக் கொண்டு 14 இலக்க ஆபா எண் உருவாக்கி, பரிசோதனை முடிவுகளை அதில் இணையுங்கள்.
- மருந்துச் சீட்டு, டாக்டர் கடிதம், மாத்திரை அட்டையின் பின்பக்கம் மூன்றையும் படம் பிடித்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்புங்கள்.
- போனின் பூட்டுத் திரையில் அவசர மருத்துவக் குறிப்பு வைக்கும் வசதி பல போன்களில் உண்டு. அதில் "சர்க்கரை நோய், இன்சுலின்" என்பதை ஆங்கிலத்தில் பதியுங்கள்.
- கிளம்பும் முன் சந்தேகம் இருந்தால் இ-சஞ்சீவனி செயலியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம், கட்டணம் இல்லை.
- மாத்திரை தீர மூணு வாரம் இருக்கும்போது ஒலிக்கும்படி ஒரு அலாரம் வையுங்கள்.

இரண்டு கேள்விகள்

கேள்வி: அங்கே டாக்டர் செலவு அதிகம். வீட்டிலிருந்து மாத்திரையை மட்டும் வரவழைத்துச் சாப்பிடலாமா?

பதில்: ஒரே அளவில் வருஷக் கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தால், அந்த அளவு இப்போது பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும்? மூணு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, வருஷத்துக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீரகம் பார்த்தே ஆகணும். தபாலில் மருந்து அனுப்பவும் அந்நாட்டு விதிகள் உண்டு, அதைப் பார்க்காமல் அனுப்பச் சொல்லாதீங்க.

கேள்வி: காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியவில்லை. மருந்தை நிறுத்தலாமா?

பதில்: இன்சுலினை நீங்களாக நிறுத்தக்கூடாது. காய்ச்சலில் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். தண்ணீர் குடித்துக்கொண்டு, அடிக்கடி சோதித்து, அன்றே டாக்டரைப் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கின்போது சில மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும், எவை என்பதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அம்மா, அப்பா, மனைவி, அக்கா என்று வழியனுப்புகிறவர்களுக்கும் இந்தப் பாடத்தில் வேலை உண்டு. "மாத்திரை வெச்சுட்டியாப்பா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. "எத்தனை நாளைக்கு வெச்சிருக்க? தீர்ந்தா எங்க வாங்குவ? கடிதம் கைப்பையில இருக்கா?" என்று இன்னும் மூணு கேள்வி கேளுங்க. பிறகு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசும்போது "சாப்பிட்டியா?" என்ற கேள்வியோடு "சுகர் எவ்வளவு இருந்துச்சு?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க. விடுமுறையில் ஊருக்கு வந்தால், விருந்துக்கும் கோயிலுக்கும் போகும் முன் முதல் வாரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்க.